நாயனம் வாசித்தவரின் பெயர்: தேசியத் திரைப்பட விருதுகளை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மத்திய தகவல், ஒலிபரப்பு அமைச்சகத்துக்கும், தேசியத் திரைப்பட விருதுகளை நடத்தும் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துக்கும், இனி வரும் ஆண்டுகளில் தேர்வுக் குழுவில் அமரப்போகிறவர்களுக்கும்:

2025 செப்டம்பர் 23ஆம் நாள் புது தில்லி விஞ்ஞான் பவனில் 71ஆவது தேசியத் திரைப்பட விருதுகள் வழங்கப்பட்டன. பாடல்களுக்கான இசை, பின்னணி இசை, பாடகர், பாடகி, பாடலாசிரியர் என்று இசையைச் சார்ந்த விருதுகள் எல்லாவற்றையும் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து கடைசி வரை பார்த்தேன். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சென்னையின் ஒலிப்பதிவுக் கூடங்களில் நாகசுரம் (எங்கள் பேச்சில் நாயனம்) வாசித்து வருகிறவன் நான். இசையமைத்தவருக்கும் எழுதியவருக்கும் பாடியவருக்கும் இடம் தரும் அந்தப் பட்டியலில் வாசித்தவருக்கு இடம் இல்லை. இசைக்கென்று முதல் விருது 1967ஆம் ஆண்டின் படங்களுக்கு வழங்கப்பட்டது. அன்று முதல் இன்று வரை கருவி வாசிப்புக்கென ஒரு பிரிவு ஏற்படுத்தப்படவில்லை. யாரும் எடுத்துச் சொல்லாததால் விட்டுப்போயிருக்கிறது என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். விதிகளைத் திருத்துவதற்காகவே ஒரு குழு அமைக்கப்பட்டு, அதன்படி விருதுகளின் பெயர்கள் மாற்றப்பட்டு, தங்கத் தாமரைக்கு 3 லட்சம், வெள்ளித் தாமரைக்கு 2 லட்சம் ரூபாய் என்று பரிசுத் தொகையும் உயர்த்தப்பட்ட பின்னும் எங்கள் இடம் காலியாகவே இருப்பதைப் பார்த்த பிறகு அப்படி எண்ண முடியவில்லை.

என் தகப்பனார் தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு சிவன் கோயிலில் நாயனம் வாசித்தவர். படம் பார்க்கும் பழக்கம் அவருக்கு அதிகம் இல்லை. ஆனால் 'தில்லானா மோகனாம்பாள்' வந்தபோது பக்கத்து ஊர்க் கொட்டகைக்குப் பதினோரு முறை போனதாகச் சொல்வார். திரையில் சிவாஜி கணேசன் கன்னத்தை உப்ப வைத்து வாசிக்கும்போது தகப்பனார் கண்ணை மூடிக்கொள்வாராம். அவர் கேட்கப் போனது மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பை. 1968ஆம் ஆண்டின் படங்களுக்கான 16ஆவது தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படமாக அது தேர்ந்தெடுக்கப்பட்டது, ஒளிப்பதிவுக்காக கே.எஸ். பிரசாத்தும் விருது பெற்றார்.

அந்தப் படத்தில் 'நலந்தானா' என்ற பாடல் உண்டு. கே.வி. மகாதேவன் இசை, கண்ணதாசன் சொல், பி. சுசீலாவின் குரல், அந்தக் குரலோடு பேசும் நாயனம் என நான்கு பேறுகள் சேர்ந்த பாடல் அது. கே.வி. மகாதேவன் அதற்கு முந்தைய ஆண்டின் 'கந்தன் கருணை'க்காக, இசையமைப்பாளருக்கான முதல் தேசிய விருதைப் பெற்றிருந்தார். பாடலாசிரியருக்கான விருது 1968ஆம் ஆண்டின் படங்களுக்குத்தான் தொடங்கப்பட்டது. அதை முதலில் பெற்றவர் 'குழந்தைக்காக' படத்துக்கு எழுதிய கண்ணதாசன். பாடகிக்கான விருதும் அதே ஆண்டில்தான் தொடங்கியது. 'உயர்ந்த மனிதன்' படத்தில் பாடிய பி. சுசீலா அதை முதலில் பெற்றார். ஒரே பாடலில் சேர்ந்து நின்ற நால்வகைக் கலைஞர்களில் மூவருக்கு இரண்டே ஆண்டுகளில் இந்த நாடு முதல் விருதுகளைத் தந்தது. நான்காவது கலைஞருக்கு அன்று பிரிவு இல்லை. ஐம்பத்தேழு ஆண்டுகள் கழிந்து இன்றும் இல்லை. காருகுறிச்சி அருணாசலம் 1962இல் 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலுக்கு இணையாக வாசித்த 'சிங்கார வேலனே' போன்ற ஒரு பாடல் இந்த ஆண்டு வெளிவந்தாலும், பாடியவரின் பெயரைத் தங்கள் விண்ணப்பப் படிவத்தில் எழுதலாம். வாசித்தவரின் பெயரை எழுத அதில் இடம் கிடையாது.

வாசிப்பவர் செய்வது என்ன என்பது கூடத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. இசையமைப்பாளர் எழுதிக் கொடுத்ததை அப்படியே திருப்பிச் சொல்கிறவர் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. வயலின் வரிசைக்கு எழுதிய தாள் வரும், உண்மை. நாயனத்துக்கு அப்படி வருவது அரிது. "இந்த இடத்தில் முகாரி ராகம் வேண்டும், எட்டு பார் நீளம், அழுகை இருக்க வேண்டும், ஆனால் அழக் கூடாது" என்று இசையமைப்பாளர் சொல்வார். காட்சியை ஒரு முறை ஓட்டிக் காட்டுவார்கள். அதற்குள் நாயனத்தின் வாயில் செருகி ஊதும் சீவாளியை நனைத்துப் பதம் பார்த்துக்கொள்ள வேண்டும். காவிரிக் கரைக் கொருக்கைத் தட்டையில் செய்யப்படும் அந்தச் சிறு பொருளுக்குக் குளிர்சாதனக் காற்று பகை. இரண்டு டேக்குகளுக்கு இடையே பத்து நிமிடம் சும்மா இருந்தாலே அது காய்ந்து குரல் மாறிவிடும் என்பதால் வாயிலேயே வைத்துக்கொண்டிருப்பேன். கூடத்தின் சுருதி கீபோர்டின் சுருதி. நாயனமோ செய்யும்போதே சுருதி நிர்ணயிக்கப்பட்ட ஆச்சா மரக் குழல். கடைசி நேரத்தில் பாடகரின் வசதிக்காகச் சுருதியை அரைக் கட்டை ஏற்றினால் கிட்டாரிலும் கீபோர்டிலும் ஒரு நொடியில் மாறிக்கொள்ளலாம். நான் வேறு நாயனத்தை எடுக்க வேண்டும். அதுவும் பொருந்தாவிட்டால் குழலின் அடிப்பக்கத்தில் உள்ள பிரம்ம சுரத் துளைகளில் மெழுகை வைத்தும் எடுத்தும், மிச்சத்தை உதட்டின் அழுத்தத்தாலும் மூச்சாலும் சரிக்கட்ட வேண்டும். இதற்காகவே மூன்று நாயனங்களோடு போகிறேன்.

இவ்வளவுக்கும் பிறகு அந்த எட்டு பாரில் முகாரியை எங்கே தொட்டு எங்கே விடுவது, எந்தச் சுரத்தில் நின்றால் காட்சியில் இருக்கும் தாய் அழாமல் இருப்பது தாங்க முடியாததாகும் என்பதை முடிவு செய்கிறவர் வாசிப்பவர்தான். இசையமைப்பாளர் கேட்டதால்தான் அது பிறந்தது என்பதை நான் மறுக்கவில்லை. நல்ல இசையமைப்பாளர் கேட்கும் விதமே பாதி வாசிப்பு. அவருக்குக் கிடைக்கும் விருதில் எனக்கு மனக்குறை துளியும் இல்லை. ஆனால் பாடகரும் இசையமைப்பாளர் போட்ட மெட்டைத்தான் பாடுகிறார். மெட்டு ஒருவருடையதாக இருந்தும் அதற்கு உயிர் தந்த குரல் தனியே போற்றத்தக்கது என்பதைத் தங்கள் விருதுகள் 1967இலேயே ஏற்றுக்கொண்டன. பாடகருக்கான முதல் விருது அந்த ஆண்டின் படங்களுக்காக மகேந்திர கபூருக்குத் தரப்பட்டது. மனிதக் குரல் என்றால் கலை, மரத்தின் வழியே வரும் மூச்சு என்றால் கூலி வேலை என்ற பிரிவினைக்கு அடிப்படை என்ன என்று பணிவுடன் கேட்கிறேன். மத்திய அரசே நிறுவிய சங்கீத நாடக அகாதெமி வாய்ப்பாட்டுக்கும் கருவி இசைக்கும் தனித்தனியே விருது தருகிறது. அங்கே புரிந்துகொள்ளப்பட்ட ஒன்று விஞ்ஞான் பவன் மேடையில் புரியாமல் போக நியாயம் இல்லை.

என் வாழ்க்கையில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்ல வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு படத்துக்கு நானும் ஒரு தவில் கலைஞரும் நான்கு நாட்கள் வாசித்தோம். உச்சக்கட்டக் காட்சியில் வசனம் இல்லை. நாயனமும் தவிலும் மட்டும்தான். அந்தப் படத்தின் இசைக்குத் தேசிய விருது கிடைத்தது. விருதை வாங்க இசையமைப்பாளர் மேடையேறியபோது பின்னால் ஒலிக்கவிட்டது நாங்கள் வாசித்த பகுதியை. படத்தின் இறுதியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் வாகனம் ஓட்டியவர்கள் முதல் உணவு சமைத்தவர்கள் வரை எல்லாருடைய பெயரும் இருந்தது. அவர்கள் உழைப்புக்கு அது உரியது. எங்கள் இருவரின் பெயர் இல்லை. தயாரிப்பு அலுவலகத்தில் கேட்டபோது, பட்டியல் முன்பே முடிந்துவிட்டது என்றார்கள். அப்போது அது ஒரு வருத்தமாக மட்டுமே இருந்தது. அதன் விலை பிறகுதான் தெரிந்தது. அந்தத் தவில் கலைஞருக்குத் தோள்பட்டை விழுந்து வாசிக்க முடியாமல் போனதும், முதிய கலைஞர்களுக்கான உதவித்தொகை கேட்டு ஓர் அலுவலகத்துக்கு அவரை அழைத்துப் போனேன். திரைப்படங்களில் வாசித்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். சம்பளம் அன்றன்று வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கையில் கொடுக்கப்பட்டது; அந்தத் தாள்கள் அவரிடம் இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் வாசித்தவர், அவற்றுள் ஒன்று தேசிய விருது பெற்ற படம், ஒன்றிலும் பெயர் இல்லை. படத்தை ஓட்டிக் காட்டுகிறேன், கேளுங்கள் என்று சொன்னேன். தவிலின் ஒலியைக் கேட்டு ஆளைச் சொல்ல அந்த அலுவலரால் எப்படி முடியும்? அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. நண்பர் இரண்டு ஆண்டுகளுக்குப் பின் காலமானார். உதவித்தொகை கடைசி வரை வரவில்லை.

இரண்டாவது நிகழ்ச்சி ஒரு கூடத்தில் நடந்தது. ஒரு நாள் கால்ஷீட் என்று அழைத்தார்கள். படம் எது, பாடல் எது என்று சொல்லவில்லை. கீழ்ச் சட்ஜமத்திலிருந்து மேல் பஞ்சமம் வரை ஒவ்வொரு சுரத்தையும் நீட்டியும் குறுக்கியும், மெல்லவும் உரக்கவும், அசைவோடும் அசைவில்லாமலும் தனித்தனியே ஊதச் சொன்னார்கள். மாலையில் ஒரு நாள் சம்பளம் கொடுத்தார்கள். அந்தச் சுரங்கள் கணினியில் ஏறிக் கீபோர்டின் கட்டைகளுக்குள் போய்விட்டன என்பது சில மாதங்களுக்குப் பின், நான் வாசிக்காத ஒரு படத்தின் கல்யாணக் காட்சியில் என் சீவாளியின் குரலைக் கேட்டபோதுதான் தெரிந்தது. சுரத்தை அசைத்து இழைக்கும் கமகம் இல்லாத, சுரத்துக்குச் சுரம் ஒட்டாத ஒரு வாசிப்பில் என் மூச்சு ஒலித்தது. அந்தக் கூடத்திலிருந்து அதன்பின் எனக்கு அழைப்பு வரவில்லை. பெயர் எங்கும் எழுதப்படாத ஒருவரின் மூச்சை எடுத்துக்கொள்வது எவ்வளவு எளிது என்பதை அன்று உணர்ந்தேன்.

பெயர் போடுவது மரியாதை சார்ந்த விஷயம், அதை அரசு கட்டாயப்படுத்த முடியாது என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது மரியாதையோடு நிற்பதில்லை. பதிப்புரிமைச் சட்டம், 1957, நிகழ்த்துநர் என்பவர் யார் என்று 2ஆம் பிரிவில் சொல்லும்போது நடிகர், பாடகரோடு இசைக் கருவி வாசிப்பவரையும் சேர்த்தே சொல்கிறது. ஆனால் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் அதோடு ஒரு வரம்பைச் சேர்த்தது. திரைப்படத்தில் ஒருவரின் பங்கு தற்செயலானதாக இருந்து, துறையின் வழக்கப்படி அவர் பெயர் படத்தின் பெயர்ப் பட்டியல் உட்பட எங்கும் குறிக்கப்படாமலும் இருந்தால், தன் நிகழ்ச்சியைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமை ஒன்றைத் தவிர மற்றவற்றுக்கு அவர் நிகழ்த்துநராகக் கருதப்படமாட்டார் என்கிறது அது. அதே திருத்தம்தான் வணிகப் பயன்பாட்டில் நிகழ்த்துநருக்கு உரிமத் தொகையில் பங்கு உண்டு என்றும் சொல்கிறது. நான் சட்டம் படித்தவன் அல்லன். ஒரு வழக்கறிஞரிடம் கொடுத்து வரி வரியாகப் பொருள் கேட்டேன். உச்சக்கட்டக் காட்சி முழுவதும் ஒலிக்கும் நாயனத்தைத் தற்செயலானது என்று யாரும் சொல்ல முடியாது என்றுதான் அவரும் சொன்னார். ஆனால் பெயர் இல்லாத நிலையில் அதை நிரூபிக்கும் சுமை எங்கள் தலையில்தான் விழும் என்பதையும் சொன்னார். பெயர் போடாத வழக்கமே எங்கள் உரிமைக்கு எதிரான சாட்சியாக நிற்கக்கூடிய ஒரு நாட்டில், அந்த வழக்கத்தோடு வரும் படங்களுக்கே அரசு தன் மிக உயர்ந்த இசை விருதையும் தந்துகொண்டிருக்கிறது.

யார் வாசித்தார்கள் என்பதைத் தேர்வுக் குழு எப்படி அறியும், படத்தைப் பார்த்துத்தானே தீர்ப்பளிக்க முடியும் என்ற கேள்வி எழும். நியாயமான கேள்வி. பார்த்தும் கேட்டும் மட்டும் எல்லாவற்றையும் அறிய முடியாது என்பதற்கு 68ஆவது விருதுகளே சான்று. படப்பிடிப்புத் தளத்திலேயே ஒலி பதிவு செய்த படங்களுக்கான விருது 'டொள்ளு' என்ற கன்னடப் படத்துக்கு அறிவிக்கப்பட்டதும், அது பின்னர் டப்பிங் செய்யப்பட்ட படம் என்று அதன் ஒலி வடிவமைப்பாளரே வெளிப்படையாகச் சொன்னார்; மற்றோர் ஒலி வடிவமைப்பாளரான ரசூல் பூக்குட்டியும் அதைப் பொதுவெளியில் சுட்டிக்காட்டினார். படத்தோடு வரும் தாள்கள் சரியாகக் கேட்கப்பட்டு, சரியாகப் பார்க்கப்பட்டிருந்தால் அந்தப் பிழை நேர்ந்திராது. ஒவ்வொரு பாடலிலும் பின்னணி இசையிலும் எந்தக் கருவியை யார் வாசித்தார் என்ற பட்டியலை விண்ணப்பத்தோடு கேட்டு வாங்குவது ஒரு பக்க வேலை. இசைத் தொகுதிகளின் உறைகளிலும், இப்போது இணையத்தில் வெளியாகும் பாடல்களின் குறிப்புகளிலும் வாசித்தவர்களின் பெயர்களைத் தாமாக முன்வந்து வெளியிடும் இசையமைப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்களால் முடிவது மற்றவர்களாலும் முடியும்.

இந்த விருதுகள் மாறவே மாட்டா என்று நான் சொல்லவில்லை. அவை கேட்கக் கற்றுக்கொண்டே வந்திருக்கின்றன. 2009ஆம் ஆண்டின் படங்களுக்கான 57ஆவது விருதுகளில் பாடல்களுக்கும் பின்னணி இசைக்கும் தனித்தனி விருது தரப்பட்டது. 'பழசிராஜா'வின் பின்னணி இசைக்காக இளையராஜா அதைப் பெற்றார். அதே ஆண்டில் ஒலிப்பதிவு விருது தளத்தில் பதிவு செய்பவர், ஒலியை வடிவமைப்பவர், இறுதிக் கலவையைச் செய்பவர் என்று மூன்று பேருக்கும் உரியதாக விரிந்தது. ஒரு படத்தின் ஒலி பல கைகளைக் கடந்து வருகிறது என்பதை அரசு ஒப்புக்கொண்ட ஆண்டு அது. அடுத்தது நாங்கள்தான் என்று என்னைப் போன்றவர்கள் அன்று நம்பினோம். மாறாக, 2024இல் அறிவிக்கப்பட்ட 70ஆவது விருதுகளில் அந்த மூன்றும் ஒலி வடிவமைப்பு என்ற ஒரே விருதாகச் சுருங்கின. அடுத்த ஆண்டே, 'அனிமல்' படத்தின் இறுதிக் கலவைக்காக எம்.ஆர். ராஜாகிருஷ்ணனுக்குச் சிறப்புக் குறிப்பு வழங்க வேண்டியிருந்தது. பிரிவை எடுத்துவிட்டாலும் அந்தக் கலை படத்தில் இருக்கத்தான் செய்கிறது என்பதும், பிரிவு இல்லாத கலையையும் குழு மனம் வைத்தால் கௌரவிக்க முடியும் என்பதும் அதனால் தெளிவாகின்றன. அந்தக் கலைஞருக்குக் கிடைத்த கௌரவத்தில் எனக்கு மகிழ்ச்சியே. அதே வழி எங்களுக்கு ஏன் ஒரு முறையும் திறக்கப்படவில்லை என்பதே என் கேள்வி.

விருது மேடையில் மரியாதை என்பது சின்ன விஷயம் அல்ல என்பது தங்களுக்குத் தெரியும். 2018இல் 65ஆவது விருதுகளைக் குடியரசுத் தலைவர் பதினொரு பேருக்கு மட்டும் வழங்குவார், மற்றவர்களுக்கு அமைச்சர் வழங்குவார் என்று அறிந்தபோது கலைஞர்கள் பலர் விழாவைப் புறக்கணித்தார்கள். அவர்கள் பக்கம்தான் நான் அன்று இருந்தேன். உழைத்தவருக்கு உரிய மரியாதையைக் குறைக்கக் கூடாது என்று அவர்கள் நின்ற அதே நியாயத்தின்மேல் நின்றுதான் இந்தக் கோரிக்கைகளை வைக்கிறேன்.

திரைப்படத்தில் சிறந்த கருவி இசை வாசிப்புக்கு, பாடகருக்கும் பாடகிக்கும் உள்ளதைப் போலவே வெள்ளித் தாமரையும் அதே பரிசுத் தொகையும் கொண்ட ஒரு விருதை அடுத்த விதித் திருத்தத்திலேயே ஏற்படுத்துங்கள். நாயனத்துக்கு மட்டும் நான் இதைக் கேட்கவில்லை. வீணை, ஷெனாய், சாரங்கி, புல்லாங்குழல், பறை, வயலின், கிட்டார் என்று எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாகக் கேட்கிறேன். விதி திருத்தக் காலம் பிடிக்கும் என்றால், அதுவரை சிறப்புக் குறிப்பு வழங்கும் அதிகாரத்தை ஆண்டுக்கு ஒருவருக்கேனும் பயன்படுத்துமாறு குழுக்களுக்கு எழுத்து மூலம் அறிவுறுத்துங்கள்.

இதைவிட முக்கியமாக நான் கருதுவது விண்ணப்பப் படிவத்தை. இசைக்கான எந்த விருதுக்கு ஒரு படம் வந்தாலும், அதில் வாசித்த அத்தனை கலைஞர்களின் பெயரும் கருவியும் அடங்கிய பட்டியலைத் தயாரிப்பாளரும் இசையமைப்பாளரும் கையெழுத்திட்டுத் தர வேண்டும் என்று விதி செய்யுங்கள். பதிவு செய்து வைத்த மாதிரி ஒலிகள் பயன்படுத்தப்பட்டிருந்தால் அதையும் அதில் சொல்ல வைக்க வேண்டும். அந்தப் பெயர்கள் படத்தின் பெயர்ப் பட்டியலில் இல்லை என்றால் அந்தப் படத்தை இசை விருதுக்குப் பரிசீலிக்கக் கூடாது. இந்த ஒரு விதி போதும். விருதுக்கு அனுப்ப நினைக்கும் ஒவ்வொரு தயாரிப்பாளரும் படம் முடியும்போதே பெயர்களை எழுதத் தொடங்கிவிடுவார். முதுமையில் ஓர் அலுவலக மேசைக்கு முன் நிற்கும்போது எங்கள் கையில் காட்ட ஒரு தாள் இருக்கும்.

இசையைத் தீர்மானிக்கும் குழுவில் ஒலிப்பதிவுக் கூடத்தில் கருவி வாசித்துப் பழகிய ஒருவரேனும் இருக்க வேண்டும். இசை விருது பெறும் படத்தில் வாசித்தவர்களின் பெயர்கள் விழாவில் வெளியிடப்படும் மலரில் அச்சிடப்பட வேண்டும். விருது பெறுபவர் மேடையேறும்போது பின்னால் ஒலிக்கவிடப்படும் இசைப் பகுதியை யார் வாசித்தார் என்பதை அறிவிப்பாளர் படித்துச் சொல்ல வேண்டும். இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏற்காததற்குக் காரணம் என்ன என்பதை அடுத்த விருதுகளுக்கான விண்ணப்ப அறிவிப்பு வருவதற்கு முன் பொதுவில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நாகசுரக் கலைஞர் ஒருவர்,
சாலிகிராமம், சென்னை.